தேர் போகும் அகலம்

1

போன செவ்வாய்க்கிழமையோடு எனக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்து மூன்று வருடம் முடிந்தது. என் மனைவி மேரி சின்னதாக ஒரு கேக் வாங்கி வந்திருந்தாள். அவளுக்குக் குசும்பு அதிகம். வெள்ளைக் கிரீமின் மேல் சிவப்பில் 'எல்' போட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். காரில் நான் பதினெட்டு மாதம் ஒட்டிக்கொண்டு திரிந்த அதே எழுத்து.

காஞ்சிபுரத்திலிருந்து ஒரகடத்துக்குப் பதினான்கு வருடம் கம்பெனி வேன் ஓட்டியவன் நான். மேரி நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து வந்தாள்; நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். இங்கே என் பதினான்கு வருடத்தை யாரும் சட்டை செய்யவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். எழுத்துத் தேர்வு, கண் பரிசோதனை, முகவரிச் சான்று. கரண்ட் பில் மேரி பேரில் வந்துகொண்டிருந்ததால், நான் அந்த வீட்டில்தான் குடியிருக்கிறேன் என்பதை இந்த நாடு ஒரு மாதம் நம்பவில்லை.

முதல் தேர்வில் ஹாரனால் தோற்றேன். வளைவில் அடித்தேன், நின்றிருந்த காருக்கு அடித்தேன், நடைபாதையில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கும் அடித்தேன். நம் ஊரில் அது மரியாதை. இங்கே அவர் திரும்பி நின்று, நான் அவருக்குத் தெரிந்தவனோ என்று வெகுநேரம் யோசித்தார்.

இரண்டாவது தேர்வில் வேகத்தால் தோற்றேன். நடுவில் புல் முளைத்த ஒரு கிராமத்துச் சந்து, இரண்டு பக்கமும் வேலி, நுழைகிற இடத்தில் எண்பது என்று பலகை. அரசாங்கமே எண்பது என்று எழுதி வைத்திருக்கும்போது முப்பதில் போனால் என்னைத் தொடைநடுங்கி என்று நினைப்பார்களே என்று எழுபதில் விட்டேன். பக்கத்திலிருந்த அதிகாரி எதையோ எழுதிக்கொண்டே வந்தார்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் டெக்லான் என்ற ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அன்று அவர் திட்டவில்லை. "அந்தப் பலகை, அதற்கு மேல் போகாதே என்கிறது. அவ்வளவு வேகத்தில் போ என்று சொல்லவில்லை" என்றார். பிறகு, "பலகையை விடு. சாலை எவ்வளவு அகலம், எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது, அதைப் பார்" என்றார்.

ஊர்ப் பெருமையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், எங்கள் ஊரில் ஒரே தெருவில் ஏழு ஸ்பீட் பிரேக்கர் உண்டு என்று அவரிடம் சொன்னேன். ஏழு தறிகெட்ட டிரைவர்களைச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் மிகவும் வருத்தப்பட்டார். இங்கே அந்த மேட்டுக்கு வேறு பெயர். கையால் மேடு வரைந்து காட்டிய பிறகுதான் புரிந்துகொண்டார். "ஏழு இருந்தும் விபத்து நடக்கிறதா?" என்று கேட்டார். அதற்கான பதில் ஒருமுறை என் வேனுக்கு முன்னால் விழுந்து கிடந்தது.

2

என் தங்கை லில்லிக்கு அந்தத் தெருவில்தான் கடை. ஜாக்கெட் தைத்து ஆரி வேலை செய்து கொடுப்பாள். பட்டுப்புடவை எடுக்க வரும் கல்யாண வீட்டார் அப்படியே அவளிடம் அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். கடைக்கு நேர் எதிரே பள்ளிக்கூடம். அவள் மகள் ஏஞ்சல் அங்கே நான்காம் வகுப்பு படிக்கிறாள்.

அது தேர் போகும் தெரு. அதனால் நல்ல அகலம், மூன்று பஸ் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். வருடத்தில் ஒரு நாள் அந்த அகலம் தேருக்கு. மற்ற நாளெல்லாம் எங்களைப் போன்ற வேன்காரர்களுக்கு.

வைகாசித் தேருக்குப் பத்து நாள் முன்னால் குறுக்கே போகும் ஒயர்களை அவிழ்ப்பார்கள், மரக்கிளைகளைக் கழிப்பார்கள், வேகத்தடைகளை ஒன்று விடாமல் சுரண்டி எடுப்பார்கள். அவ்வளவு கனமான தேர் மேட்டில் ஏறி இறங்கினால் ஆட்டம் கொடுக்கும். அதில் யாரும் விளையாட மாட்டார்கள். தேர் நிலைக்கு வந்ததும் ஒயர்களை அன்று சாயங்காலமே மாட்டிவிடுவார்கள். வேகத்தடையை மட்டும் எல்லோரும் மறந்துபோவார்கள். பிறகு பள்ளி திறக்கும், யாராவது அடிபடுவார்கள், ஜனங்கள் சாலையில் உட்காருவார்கள், மறுநாளே ஒரு மேடு வரும். இப்படி ஒவ்வொரு விபத்துக்கும் ஒன்றாக ஏழு சேர்வதற்குள் அடுத்த வைகாசி வந்துவிடும்.

எங்களுக்கோ தேருக்குப் பிந்தைய நாட்கள்தான் திருவிழா. "ரோடு வெண்ணெய் மாதிரி இருக்குதுபா" என்று டிரைவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். நானும் சிரித்தவன்தான்.

அப்படி ஒரு வருடம், தேர் முடிந்த மறுநாள் காலை. முதல் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அறுபதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். முருகேசன் அண்ணன் தோளில் ஒரு முட்டுக்கட்டையோடு சாலையில் இறங்கினார். ஓடும் தேரின் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகி அதைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர் வேலை. அவரை நான் நன்றாகவே பார்த்தேன். தூரத்திலேயே பார்த்தேன். பிரேக்கையும் மிதித்தேன். முப்பதில் வந்திருந்தால் வண்டி நின்றிருக்கும், அவர் என்னை நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பார். அந்த வேகத்தில், பார்த்துக்கொண்டே போய் இடித்தேன்.

வலது கால் இரண்டு இடத்தில் உடைந்தது. கம்பி வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸிடம் அவர், "நானும் பாக்காம எறங்கிட்டேன் சார்" என்றார். பொய். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். நான் அவர் கட்டில் பக்கத்தில் நின்று அழுதபோது, "அழுவாதபா. தேர நிறுத்தறவன், உன் வேன நிறுத்த முடியல, அவ்ளோதான்" என்று சிரித்தார். இரண்டு வருடம் அவரால் தேர்ப் பக்கம் போக முடியவில்லை. இன்றைக்கும் அந்தக் காலை இழுத்துத்தான் நடக்கிறார். அதற்கப்புறமும் நான் வேன் ஓட்டினேன், அந்தத் தெருவில் மெதுவாகவும் ஓட்டினேன். ஆனால் அந்த வெட்கம் என்னை விட்டுப் போகவில்லை.

3

இங்கே எனக்கு ரொட்டி வண்டி ஓட்டும் வேலை. விடிவதற்கு முன்னால் பேக்கரியில் தட்டுகளை ஏற்றினால் பத்தரைக்குள் முப்பது கடைகளில் இறக்கிவிட வேண்டும்.

போன வருடத் தொடக்கத்தில் இந்த ஊர் நகராட்சியிலிருந்து வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் சாலையைக் குறுக்கப்போகிறோம், இரண்டு பக்கமும் பெரிய மரத்தொட்டிகளில் செடி வைப்போம், உங்கள் கருத்து என்ன என்று கேட்டிருந்தார்கள். சாலை போடும்போது கருத்துக் கேட்கும் அரசாங்கத்தை நான் முதன்முதலாகப் பார்க்கிறேன். அந்த மரியாதைக்குப் பதிலாக, கூடாது என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நல்லா இருக்கிற ரோட்டை யாராவது குறுக்குவார்களா?

என் மகள் ஷைனிக்குப் பதினைந்து வயது. தமிழ் புரியும், பேசுவதற்குத்தான் சோம்பல். என் கடிதத்தைப் படித்துவிட்டு, "டாட், நீங்க அந்த ரோட்ல எவ்ளோ ஸ்பீட் போறீங்க?" என்று கேட்டாள்.

"நாப்பது, நாப்பத்தஞ்சு."

"போர்டு தேர்ட்டி."

"எல்லாரும் அப்படித்தான்மா போறாங்க."

"அதான் ஃப்ளவர்பாட் வைக்கிறாங்க" என்றாள். காதில் மாட்டியிருந்ததை மறுபடி அழுத்திக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். இவள் என்னிடம் பேசுவதே நாளைக்கு நாலு வாக்கியம். அதில் ஒன்று இப்படி வந்து விழுகிறது.

என் ஒன்றரைப் பக்கத்துக்கு நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. தொட்டிகளும் வந்தன. ஒரு வாரம் ஸ்டியரிங்கில் குத்தினேன். எதிரே வண்டி வந்தால் இருவரில் ஒருவர் நிற்க வேண்டும். அங்கே முப்பது என்று பலகை இருந்ததையே நான் மறந்துவிட்டேன். தொட்டியில் உரசிவிடுமோ என்ற பயத்தில் கால் தானாக பிரேக்குக்குப் போனது.

இரண்டாவது வாரம் ஒரு சின்னப் பெண், காலால் தள்ளும் ஸ்கூட்டரோடு, தொட்டிகளுக்கு நடுவிலிருந்து என் வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள். மிதித்தேன். நின்றுவிட்டது. அவளுக்கும் எனக்கும் நடுவில் இன்னொரு வண்டியை நிறுத்தலாம், அவ்வளவு இடம் மிச்சம். அவள் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அவளைப் பொறுத்தவரை ஒன்றுமே நடக்கவில்லை.

நான் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அன்று முருகேசன் அண்ணனை இடித்தவனும் நான்தான், இன்று நின்றவனும் நான்தான். இடையில் நான் பெரிதாக ஒன்றும் திருந்திவிடவில்லை. அன்று ரொட்டி எல்லாக் கடைக்கும் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது.

4

தினமும் வேலை முடிந்து வண்டியிலேயே உட்கார்ந்து டீ குடிக்கும்போது லில்லியைக் கூப்பிடுவேன். அங்கே மாலை நாலு மணி ஆகியிருக்கும். நாலு பத்துக்குப் பள்ளிக்கூட மணி. அதற்கு இரண்டு நிமிடம் முன்னால், என்ன பேச்சாக இருந்தாலும் சரி, "இருண்ணா, பாப்பாவ இட்டாந்துடறேன்" என்று போனைத் தையல் மெஷின் மேல் கவிழ்த்துவிட்டு ஓடுவாள். நான் இருட்டுத் திரையைப் பார்த்தபடி காத்திருப்பேன். இரண்டு பேரின் சத்தமும் கேட்ட பிறகுதான் எனக்கு டீ உள்ளே இறங்கும்.

போன வருடம் ஜூனில், தேருக்கு மேடுகளைச் சுரண்டி இரண்டு வாரம் ஆன சமயம், அவளே என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, பாப்பா கைய புடிச்சினுதான் வந்தேன். பைக்குல வந்தவன் இவ ஸ்கூல் பை மேல உட்டுக்கினு போய்ட்டான். பை அவனோட போய்டுச்சி, இவ கீழ உயுந்துட்டா. முட்டில தோலு பேர்த்துக்கிச்சி, அவ்ளோதான். ஆனா பை இல்லன்னா?"

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன், ஒண்ணுமில்லன்னாங்க. நான் கடைய காலி பண்ணிடறேன்ணா. பத்து வருஷமா நின்ன எடம், போனா போவுது. தெனம் இந்த ரோட்ட தாண்டி என்னால முடியாது."

அவளுக்கு அந்தக் கடைதான் எல்லாம். ஒவ்வொரு வாடிக்கையாளராகச் சேர்த்து வளர்த்த கடை. இங்கே பள்ளிக்கு முன்னால் வைத்த தொட்டிகளைப் படமெடுத்து அனுப்பினேன். ரொட்டி வண்டி எப்படி அதில் மெதுவாக நுழைகிறது என்று ஒரு வீடியோவும் அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து வீடியோ அழைப்பில் லில்லிக்குப் பக்கத்தில் முருகேசன் அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஊரை விட்டு வந்த பிறகு அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"இன்னாபா, நல்லாகிறியா? இந்த தொட்டி ஐடியா உன்னுதா?"

"இல்லண்ணா, இந்த ஊர்ல வெச்சிருக்காங்க."

"நல்லாதான்கிது. மேடு போட்டா தேருக்கு ஆவாது, சொரண்டிடுவாங்க. இத நவுத்திக்கலாம். தேருக்கு எவ்ளோ அகலம் வேணும்னு எனக்கு தெரியும். அந்த ஒரு நாளுக்கு வேணும். மத்த நாளுல யாருக்கு அவ்ளோ ரோடு? இவ்ளோ அகலத்த தொறந்து உட்டுட்டு மெதுவா போடான்னா எவன் போவான்? நீயே போவல."

கடைசி வார்த்தையைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

5

பள்ளிக்கு முன்னால் தொட்டி வைக்கக் கேட்டு, திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் லில்லி மனு கொடுத்தாள். அது ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகர்ந்தது. ஒருவர் இது போக்குவரத்துக்குப் போக வேண்டியது என்றார், அடுத்தவர் இது சாலைக்குப் போக வேண்டியது என்றார். ஐந்தாவது வாரம் ஒரு போக்குவரத்து எஸ்.ஐ. நேரில் வந்து பார்த்தார். "ஒரு மாசம் வெச்சிப் பாருங்கம்மா. பஸ்ஸும் ஆம்புலன்ஸும் தாராளமா போவணும். ஒளிர்ற ஸ்டிக்கர் ஒட்டணும். யாராவது மோதினாங்கன்னா அன்னிக்கே எடுத்துடுவேன்."

மரத்தொட்டிக்கு எங்கே போவது? முருகேசன் அண்ணன் கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறைகளைக் கொண்டுவந்தார். காலியாக இருந்தால் உருட்டிப் போகலாம். நிறுத்தி மணலைக் கொட்டிவிட்டால் அசையாது. தேர்க்கட்டை போடும் ஆட்கள் நாலு பேர் ஒரே காலையில் எட்டு உறைகளை நிறுத்திவிட்டார்கள். பள்ளி வாசலுக்கு இரண்டு பக்கமும் உறைகள், நடுவில் ஒரு பஸ்ஸும் ஒரு ஆட்டோவும் உரசாமல் போகும் வழி. உறைகளில் அரளிச் செடி நட்டார்கள்.

முதல் வாரம் தெருவே லில்லியைத் திட்டியது. பக்கத்துப் புடவைக் கடைக்காரர், காரில் வரும் பார்ட்டிகள் நிறுத்த இடமில்லாமல் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார்கள் என்றார். ஒரு பால்காரர் கேனோடு உறையில் இடித்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து படம் அனுப்பிய புத்திசாலி யார் என்று கேட்டாராம். எஸ்.ஐ. எடுக்கச் சொல்லிவிடுவாரோ என்று லில்லிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. உறையிலிருந்த ஸ்டிக்கர் மழையில் உரிந்திருந்தது. சிவப்பு வெள்ளைப் பட்டையாக பெயிண்டே அடித்து, அதன் மேல் புது ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அதற்குப் பிறகு யாரும் மோதவில்லை.

மாதக் கடைசியில் எஸ்.ஐ. வந்து அரை மணி நேரம் டீக்கடையில் நின்று பார்த்திருக்கிறார். மேடு இருந்தபோது அதைத் தாண்டியதும் எல்லோரும் முறுக்குவார்கள். உறைகளுக்கு நடுவில் முறுக்க நீளமில்லை. பைக்குகள் தாமாகவே தணிந்து வருகின்றன. "இருக்கட்டும்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். கடிதம் எதுவும் கொடுக்கவில்லை. அது ஒன்றுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது. காகிதத்தில் இல்லாத ஒன்றை எடுத்துவிடக் காகிதம் வேண்டாமே.

லில்லி கடையைக் காலி செய்யும் பேச்சை எடுக்கவில்லை. ஆனாலும் நாலு எட்டுக்குப் போனைக் கவிழ்த்துவிட்டு ஓடுவதை நிறுத்தவில்லை. நானும் காத்திருப்பதை நிறுத்தவில்லை.

6

இந்த வைகாசி வந்தது. தேருக்கு முதல் நாள் மணலை அள்ளி உறைகளை உருட்டி ஓரமாக அடுக்கினார்கள். தேர் நேரலையில் வந்தது. அந்த அகலத்தில் தேர் வருவதைப் பார்த்து நானும் மேரியும் சோபாவிலேயே எழுந்து நின்றோம். அலுவல் எதுவுமில்லாமல் கீழே வந்த ஷைனியும், "வாவ், அத யாரு ஸ்டாப் பண்றாங்க?" என்று கேட்டாள். முருகேசன் அண்ணனைக் காட்டினேன். இப்போது கட்டை போடுவது இளைஞர்கள். அவர் முன்னால் நின்று கையசைத்துச் சொல்கிறார். நான் செய்ததையும் அவளிடம் சொன்னேன். இதுவரை சொன்னதில்லை. அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

எனக்குக் கவலையெல்லாம் மறுநாளைப் பற்றித்தான். தேர் போனதும் மறந்துபோவது எங்கள் ஊருக்குக் கை வந்த கலை. பள்ளி திறக்க மூன்று நாள்தான் இருந்தது. மறுநாள் லில்லியைக் கேட்டேன், உறைகள் ஓரத்திலேயே கிடந்தன. அதற்கடுத்த நாளும் கிடந்தன. புடவைக் கடைக்காரர், ஓரமாகவே இருக்கட்டும், வண்டி நிறுத்த சௌகரியம் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஓரிரு பைக்குகள் பழையபடி பறக்க ஆரம்பித்துவிட்டன. நான் முருகேசன் அண்ணனை அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை லில்லி ஒரு படம் அனுப்பினாள். எட்டு உறைகளும் அதனதன் இடத்தில். முருகேசன் அண்ணன் ஓர் உறையில் கை ஊன்றி, இழுக்கும் காலைத் தளர்த்தி வைத்துக்கொண்டு நிற்கிறார். கூடவே அவர் குரல்: "போன் பாத்தேன்பா. மணல் அள்ளிக்கினு இருந்தேன். தேர நெலைல சேக்கறது எப்படி வேலையோ, இதுவும் அப்படித்தான்னு பசங்ககிட்ட சொல்லிட்டேன். இனிமே தேர் வேலைல இதுவும் ஒண்ணு." காகிதத்தில் எழுதியிருந்தாலும் எனக்கு அவ்வளவு நம்பிக்கை வந்திருக்காது.

பள்ளி திறந்த அன்று, வண்டியில் டீயோடு உட்கார்ந்து லில்லியைக் கூப்பிட்டேன். கல்யாண சீசன், கடையில் வேலை தலைக்கு மேல். ஒரு மாப்பிள்ளை வீட்டார் ஜாக்கெட்டில் மயிலுக்குப் பதில் கிளி கேட்டு, வேலை முடிந்த பிறகு மறுபடி மயிலே போதும் என்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா பேசியது போலவே பேசிக் காட்டினாள். எனக்குச் சிரித்துச் சிரித்து டீ சட்டையில் சிந்தியது. அப்போது திரையின் ஓரத்தில் இரட்டை ஜடையும் பெரிய பையுமாக ஒரு முகம் நுழைந்து, "மாமா!" என்றது.

நான் மணியைப் பார்த்தேன். அங்கே நாலு பதினேழு, பள்ளி விட்டு ஏழு நிமிடம். லில்லி இன்னும் மெஷின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள், கையில் ஊசியோடு.